மனக்காயத்தோடு வீடு வந்து சேரும் பிள்ளை: ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மா தவறிப்போன பிறகோ, அப்பா குடித்துவிட்டு அடித்து நொறுக்கிய வீட்டிலிருந்து தப்பியோ, ஒரு பிள்ளை பாட்டி வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் வந்து சேருவது நம் ஊரில் அடிக்கடி நடப்பதுதான். காரியம் முடிந்து பதினாறாம் நாள் உறவெல்லாம் கிளம்பிவிடும். பிள்ளை ஒரு துணிப்பையோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கும். சோறு போட நமக்குத் தெரியும், பள்ளியில் சேர்க்கத் தெரியும். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அப்படி ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விடுதிக் காப்பாளருக்கும் வகுப்பாசிரியருக்கும்கூட இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பிள்ளையை எப்படிப் பேசவைப்பது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். இந்த வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் முதல் மருந்து. பேச்சு அதற்குப் பின்னால் தானாக வரும்.

சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்

துக்க வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். ஆறுதலுக்காகச் சொல்வதுதான், ஆனால் உண்மை இல்லை. 1976 ஜூலையில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சௌசில்லா என்ற ஊரில் 26 பிள்ளைகளோடு ஒரு பள்ளிப் பேருந்தைக் கடத்தினார்கள். பிள்ளைகளையும் ஓட்டுநரையும் ஒரு கல் குவாரியில் புதைத்து வைத்த லாரிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். ஏறக்குறைய 16 மணி நேரம் கழித்து அவர்களே வழி தோண்டி வெளியே வந்தார்கள். எல்லோரும் உயிரோடு திரும்பியதால் விஷயம் முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. லெனோர் டெர் என்ற குழந்தை மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளைச் சில மாதங்கள் கழித்துச் சந்தித்தார், நான்கைந்து வருடம் கழித்து மறுபடியும் சந்தித்தார். அவர் பார்த்த ஒவ்வொரு பிள்ளையிடமும் பாதிப்பு இருந்தது. பயம், கெட்ட கனவு, நடந்ததையே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டும் விளையாட்டு. இன்னொன்றையும் அவர் கவனித்தார். "முன்னாடியே எனக்கு ஒரு அறிகுறி தெரிஞ்சிருக்கணும், நான்தான் கவனிக்கலை" என்று பல பிள்ளைகள் நம்பினார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து வந்தால் யோசிக்க நேரமில்லாமல் உடம்பு தானாக எதிர்க்கும், அல்லது ஓடும், அல்லது உறைந்து நிற்கும். மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி இதற்கான உத்தரவைத் தொடங்கிவைக்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்கும். தினமும் ராத்திரி பத்து மணிக்குக் கதவு உதைபடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது முழுசாக அடங்குவதே இல்லை. வீடு மாறிய பிறகும் ஒன்பதரை ஆனால் அதன் முகம் வெளிறும். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் சோற்றுருண்டை வாய்க்குப் போகாமல் நிற்கும். அந்த நேரத்தில் "இங்க என்ன பயம் உனக்கு?" என்று கேட்பதில் பயனில்லை. பயப்படுவது அதன் உடம்பு. அறிவுக்கு அது நல்ல வீடுதான் என்று தெரிந்தே இருக்கலாம்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் 9,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்கள் சிறுவயதில் பட்டதைக் கேட்டு நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிவாங்குவதைப் பார்ப்பது போன்ற அனுபவங்கள் கூடக்கூட, வளர்ந்தபின் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சியும், ஏன், இதய நோய்கூட அதிகமாக இருந்தன. இதைப் படித்துவிட்டு மனம் உடைய வேண்டாம். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த எம்மி வெர்னரின் ஆய்வு, மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் அந்தக் கஷ்டத்தை மீறி நல்லபடியாக வளர்ந்ததைக் கண்டது. அப்படி வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நம்பிச் சாய ஒரு பெரியவர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாக, சித்தியாக, டீச்சராக இருக்கலாம்.

என்னென்ன கவனிக்க வேண்டும்

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை பின்னோக்கிப் போகும். படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திய பிள்ளை மறுபடி போகும், தெளிவாகப் பேசிய பிள்ளை மழலைக்குத் திரும்பும், நீங்கள் குளியலறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று அழும். பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் வயிற்றுவலி, தலைவலி. டாக்டரிடம் காட்டினால் ஒன்றுமில்லை என்பார். வலி பொய்யில்லை, காரணம்தான் வயிற்றில் இல்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் கோபம், கதவைச் சாத்திக்கொள்வது, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, கையைக் கீறிக்கொள்வது.

இவற்றில் பலவும் நம் கண்ணுக்கு அடமாகவும் திமிராகவும் சோம்பலாகவும்தான் தெரியும். தலையணை உறைக்குள் பிஸ்கட்டும், காய்ந்துபோன இட்லியும், முறுக்குத் துண்டும் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருட்டுப்புத்தி என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாத வீட்டில் இருந்த பிள்ளை அப்படித்தான் சேர்த்துவைக்கும். அதற்கென்று ஒரு டப்பா கொடுங்கள். "இது உன் டப்பா. தீர்ந்தா சொல்லு, ரொப்பித் தரேன்" என்று சொல்லி, சொன்னபடியே ரொப்புங்கள். பெரும்பாலும் நாளாக ஆக அந்தப் பழக்கம் குறைந்துவிடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொரு வகைப் பிள்ளை. சொன்னதெல்லாம் செய்யும், எதுவும் கேட்காது, தட்டைத் தானே கழுவி வைக்கும், அழவே அழாது. "தங்கமான பிள்ளை" என்று வீடே மெச்சும். தொந்தரவாக இருந்தால் இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அது மூச்சை அடக்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் நீங்களாகப் போய், "இது உன் வீடு. தப்புப் பண்ணினாலும் உன்னை எங்கயும் அனுப்ப மாட்டோம்" என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது.

முதல் சில வாரங்கள்

எங்கே படுக்க வேண்டும், பக்கத்தில் யார் படுப்பார்கள், ராத்திரி எழுந்தால் யாரை எழுப்பலாம், காலையில் யார் பள்ளிக்குக் கூட்டிப்போவார்கள், சாயங்காலம் எத்தனை மணிக்கு யார் வந்து அழைத்துக்கொள்வார்கள். இவ்வளவையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளை என்றால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு ஒட்டுங்கள். சொன்ன நேரத்துக்கு வர முடியாவிட்டால் போன் செய்து சொல்லுங்கள். நமக்கு அரைமணி தாமதம் பெரிய விஷயமில்லை. ஏற்கெனவே ஒருவர் போய்த் திரும்பாத பிள்ளைக்கு அந்த அரைமணி நேரம் அப்படி இருக்காது.

ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். படுக்கையை நனைத்தால் சத்தமில்லாமல் விரிப்பை மாற்றிவிடுங்கள், மற்றப் பிள்ளைகள் முன்னால் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அம்மாவின் பழைய சேலையோ போர்வையோ கொண்டுவந்திருந்தால் துவைக்க அவசரப்படாதீர்கள். அந்த வாசம் அதற்குத் தேவை. உங்கள் சொந்தப் பிள்ளைகளையும் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். இடமும் அம்மாவின் நேரமும் பங்குபோவது அவர்களுக்கும் கஷ்டம்தான்.

சாவைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்றால் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "தூங்கிட்டாங்க" என்று கேட்ட பிள்ளை தூங்கப் பயப்படும், நீங்கள் தூங்கினாலும் பயப்படும். சிறு வயதில் சாவு திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே தோன்றும், ஆகவே நேராகச் சொல்ல வேண்டும்: "அம்மா இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே வர மாட்டாங்க. நீ என்ன பண்ணினதாலயும் இது நடக்கல." சாமிகிட்ட இருக்காங்க என்று உங்கள் நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்லலாம், ஆனால் அதற்கு முன் இந்த நான்கையும் சொல்லிவிடுங்கள். பிள்ளை அதே கேள்வியைப் பத்து நாள் கேட்கும். பத்து நாளும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டுக்கு வருகிறவர்களின் வாய். "ஐயோ, தாயில்லாப் பிள்ளையாப் போச்சே" என்று தலையைத் தடவி அழுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "பிறந்த நேரம் சரியில்லை", "ராசியில்லாத பிள்ளை", "பெத்தவளையே முழுங்கிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், சொன்னது வயதில் மூத்தவராக இருந்தாலும் சரி. நான்தான் காரணம் என்று பிள்ளை ஏற்கெனவே உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கும். சௌசில்லாப் பிள்ளைகள் நம்பியதும் அதுதான். அன்றைக்கு அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன், மாத்திரை எடுத்துத் தர மறந்துவிட்டேன், அப்பா அடித்தபோது தடுக்கவில்லை என்று அதனிடம் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்கு ஒரு பெரியவர் முத்திரை குத்தினால் அது வாழ்நாள் முழுக்க அழியாது. "அத்தை, இந்த வீட்ல அந்தப் பேச்சு வேண்டாம்" என்று பிள்ளையின் காதில் விழும்படியே சொல்லுங்கள். நீங்கள் அதன் பக்கம் நிற்பதை அது கேட்க வேண்டும்.

வெடிக்கும்போது, உறையும்போது

ஒரு நாள் சின்ன விஷயத்துக்குப் பிள்ளை தட்டைத் தூக்கி எறியும். அல்லது குக்கர் விசில் சத்தத்துக்கு மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். அந்த நிமிடத்தில் புத்திமதி எதுவும் உள்ளே போகாது. முதலில் உடம்பு அடங்க வேண்டும், பிறகு உறவு, அதற்குப் பிறகுதான் நியாயம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். நின்றுகொண்டு பேசாமல் தரையில் உட்காருங்கள், ஆனால் கதவை மறித்து உட்கார வேண்டாம். இறுக்கிக் கட்டிப்பிடிக்காதீர்கள். அடிவாங்கிய, தப்பாகத் தொடப்பட்ட பிள்ளைக்கு அது மறுபடி சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். "கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். "நான் இங்கதான் இருக்கேன். இது பாட்டி வீடு. சத்தம் வந்தது குக்கர்லேருந்து" என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே சொல்லுங்கள். மூச்சைச் சேர்ந்து மெதுவாக விடலாம்.

அடங்கிய பிறகு, அன்றைக்கோ மறுநாளோ, எறிந்த தட்டைப் பற்றிப் பேசலாம். சிந்தியதைச் சேர்ந்து துடைக்கலாம். "கோபம் வரலாம், தட்டை எறியக் கூடாது" என்ற விதி இந்தப் பிள்ளைக்கும் உண்டு. பாவம் என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் அதைப் பயமுறுத்தும். எல்லை இருக்கும் வீடுதான் பத்திரமான வீடு. ஆனால் அடி மட்டும் கூடவே கூடாது, லேசாக ஒன்றுகூட.

பேச வந்தால்

எதிரே உட்காரவைத்து "சொல்லு" என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது. கீரை ஆயும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, விளக்கணைத்த பிறகு, அதாவது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாத நேரத்தில்தான் ஒரு வாக்கியம் வந்து விழும். கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல் கேளுங்கள். திடுக்கிட்டால்கூட முகத்தில் காட்டாதீர்கள். "ம்", "அப்புறம்?" போதும். விவரத்தைத் தோண்டாதீர்கள். கடைசியில், "நல்லவேளை என்கிட்ட சொன்னே. உன் மேல தப்பே இல்லை" என்று சொல்லுங்கள். பேரிடரோ கொடுமையோ நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைத்து "மனசைக் காலி செய்யும்" முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. வற்புறுத்திப் பேசவைத்தால் காயம்தான் கூடும்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று பிள்ளை கேட்டால், ஒப்புக்கொள்ளாதீர்கள். "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உனக்குத் தெரிஞ்சுதான் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

சொன்னது பாலியல் கொடுமையாக இருந்தால், வீட்டுப் பஞ்சாயத்துக்கு அங்கே இடமே கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குடும்ப மானம், மாமன் உறவு, பெண்ணின் எதிர்காலம் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சால் காப்பாற்றப்படுவது கொடுமை செய்தவன் மட்டும்தான். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை மாற்றாமல், தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு உறவினரிடமும் அதைத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ, சீருடை அணியாமல், முடிந்தவரை பெண் உதவி ஆய்வாளரோ அவருக்கு மேல் பதவியில் உள்ள பெண் அதிகாரியோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். சிகிச்சையை எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, இலவசமாகத் தர வேண்டும். சமீபத்தில் நடந்தது என்றால் அன்றைக்கே போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து போன்றவற்றை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பழைய விஷயம் என்றாலும் புகார் கொடுக்கலாம்.

பள்ளியில்

வகுப்பாசிரியரிடம் கொஞ்சம் மட்டும் சொன்னால் போதும். "வீட்ல பெரிய கஷ்டம் நடந்திருக்கு, திடீர்னு சத்தம் போட்டா பயப்படுவான், அவனைக் கதவுக்குப் பக்கத்துல உட்காரவைங்க." முழுக்கதை ஆசிரியர் அறை வரை போக வேண்டாம். மனசு தாங்காதபோது வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர ஒரு சைகை பேசிவைத்துக்கொள்ளலாம். பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. இந்தப் பிள்ளையின் விஷயத்தில் அதை ஆசிரியருக்கு நினைவுபடுத்தத் தயங்க வேண்டாம். அந்த வருடம் மார்க் குறையும். குறையட்டும்.

எப்போது டாக்டரிடம் போவது

முதல் சில வாரம் தூக்கமும் சாப்பாடும் கெடுவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் பயமும் குறையவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகணும் என்று ஒருமுறை சொன்னாலும், கையைக் கீறிக்கொண்டாலும் அன்றைக்கே போக வேண்டும். "சும்மா பயமுறுத்துறான்" என்று விடாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் இருப்பவர்கள் குழந்தைப் பாதுகாப்புக்கு 1929, மனநலத்துக்கு 1926.

டாக்டர் என்றதும் மாத்திரை என்று பயப்பட வேண்டாம். மனக்காயத்துக்கு முதலில் தருவது பெரும்பாலும் பேச்சுச் சிகிச்சைதான். சின்னப் பிள்ளைக்குப் பொம்மையும் படமும் வைத்தே நடக்கும். பயத்தை அடக்கும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, அதன் பிறகு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையே எடுத்துச் சொல்லவைக்கும் முறை ஒன்று உண்டு. நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. அதில் வளர்ப்பவருக்கும் பங்கு உண்டு, ஆகவே பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிடாமல் நீங்களும் போங்கள். கோவிலுக்குப் போய் விபூதி வைத்தால் பிள்ளைக்கு நிம்மதி என்றால் வையுங்கள். பேய் பிடித்தது என்று வேப்பிலையால் அடிப்பது, கட்டிப்போடுவது பக்கம் மட்டும் போகாதீர்கள்.

வளர்க்கிறவருக்கு

பாட்டியும் மகளைப் பறிகொடுத்தவள்தான். அவள் அழுதால் பிள்ளை கெட்டுப்போகாது. "பாட்டிக்கும் அம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அழலாம். ராத்திரி முழுக்க விழித்திருக்கும் வேலையை ஒருவர் தலையிலேயே போடாமல், வாரத்தில் ஒரு நாளாவது மாமாவோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்ளட்டும்.

பணமும் ஒரு கவலைதான். அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. தமிழ்நாட்டில் 2025-இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும், இறப்புச் சான்றிதழோடு வேறென்ன வேண்டும் என்று அங்கேயே சொல்வார்கள்.

நன்றாக இருந்த பிள்ளை சில மாதம் கழித்துத் திடீரென்று பழையபடி ஆகும். காலண்டரைப் பாருங்கள். அம்மாவின் பிறந்தநாள், முதல் தீபாவளி, வருஷத் திதி என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும். எல்லாம் வீணாகிவிட்டது என்று பதற வேண்டாம். அந்த நாள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையிடம் சொல்லி, அன்றைக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைக்கலாம், போட்டோவுக்குப் பூ வைக்கலாம், திதி கொடுக்கும் இடத்துக்குக் கூட வரலாம். வர மாட்டேன் என்றால் இழுத்துப்போகாதீர்கள். அன்றைக்கு அதனோடு வீட்டில் யாராவது ஒருவர் இருங்கள். அடுத்த வருஷம் மறுபடி கேட்டுக்கொள்ளலாம்.